கோதமைக் கொஞ்சம் விடுங்கள், டகோட்டாவைத் திறங்கள்: சூப்பர்ஹீரோ நகரங்களை ஆள்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டிசி, மார்வெல் காமிக்ஸ் ஆசிரியர் குழுக்களுக்கும், அந்த நகரங்களை வைத்து எழுதுபவர்கள், வரைபவர்கள், வீடியோ கேம் செய்பவர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உங்களில் யாராவது ஒரு சூப்பர்ஹீரோ நகரத்தை எடுத்து எதிர்காலத்துக்குள் தள்ளிவிடுகிறீர்கள். விடாமல் மழை பெய்கிறது. ஊதா நிறத்தில் நியோன் எரிகிறது. இருபது மாடி உயரத்துக்கு ஹாலோகிராம் விளம்பரம். நாயகனின் உடையில் கோடுகோடாக ஒளி. அட்டைப்படம் பிரமாதமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. புரட்டினால் உள்ளே அதே பழைய கதை, அதே பழைய பகை. அந்த நகரம் பத்துக்கு எட்டு முறை பேட்மேனின் ஊரான கோதமாகவே இருக்கிறது.

என் புகார் சின்னதுதான். எந்த நகரம் சைபர்பங்க் என்ற எதிர்காலக் கதை வகைக்குப் பொருந்தும் என்பதை நீங்கள் வெளிச்சத்தை வைத்து முடிவு செய்கிறீர்கள். பத்திரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். அதாவது, அந்த ஊர் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சைபர்பங்க் உலகில் தொழில்நுட்பம் தெருவுக்குத் தெரு கிடைக்கும், ஆனால் தெருவில் இருப்பவருக்கு அது சொந்தமாக இருக்காது. கையில் பொருத்திய இரும்புக்கும் தவணை கட்ட வேண்டும். வேலை போனால் அதுவும் போகும். போலீஸ், மருந்து, தண்ணீர், சில நேரம் ஒருவருடைய நினைவு வரை ஏதோ ஒரு நிறுவனத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். இந்த வகைக் கதையின் நாயகன் எப்போதும் வாடகைக்காரன். இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் வரைபடத்தைப் பாருங்கள், பல நகரங்கள் இடம் மாறும்.

கோதமிலிருந்தே தொடங்குகிறேன். 1940-ல் காமிக்ஸில் வந்த பெயர் அது. ஆனால் நம்மில் பலர் மனதில் இருக்கும் கோதம், 1989 'பேட்மேன்' திரைப்படத்துக்காக ஆன்டன் ஃபர்ஸ்ட் வடிவமைத்தது. திட்டமே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கட்டடங்கள், மேலே பாலங்கள், கீழே புகை, தெருவில் வெயில் விழ வழியே கிடையாது. அந்த வேலைக்கு ஆஸ்கர் கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். அதைப் பார்க்கும் எவருக்கும் சைபர்பங்கின் பாதி வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கோதமின் நாயகன் பேட்மேன், அதாவது ப்ரூஸ் வேய்ன், அந்த ஊரின் பெரும் பணக்காரர். அவருடைய வண்டி, கவசம், கணினி எல்லாம் பெரும்பாலும் அவருடைய சொந்த நிறுவனத்தின் பணத்தில்தான் வருகின்றன. 2008-ல் வந்த திரைப்படத்தில் ஊரில் உள்ள எல்லாக் கைப்பேசிகளையும் ஒரே நேரத்தில் வேவு பார்க்கும் கருவியாக மாற்றுகிறார் ப்ரூஸ் வேய்ன். அவர் நிறுவனத்தை நடத்தும் லூசியஸ் ஃபாக்ஸ் எதிர்ப்புச் சொல்கிறார், காரியம் முடிந்ததும் கருவி அழிகிறது, நாமும் நிம்மதியாக எழுந்து போகிறோம். இதையே வேறு ஊரில் வேறு முதலாளி செய்திருந்தால் அவரை அடிக்கத்தான் ஒரு நாயகன் வந்திருப்பான். கோதமில் முதலாளியும் நாயகனும் ஒரே ஆள் என்பதால் அந்தக் கேள்வி எழும் முன்பே அடங்கிவிடுகிறது.

இன்னொரு சிக்கல், கோதமின் குற்றம் மனதிலிருந்து வருவது. அங்கே பிடிபட்டவர்களை ஆர்க்கம் மனநலக் காப்பகத்துக்கு அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காயம், ஒரு வெறி, ஒரு முகம் உண்டு. டூ-ஃபேஸுக்கு இரண்டு. சைபர்பங்கின் எதிரிக்கு முகமே கிடையாது, அது ஒரு இயக்குநர் குழு. இன்றைக்கு ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டால் திங்கட்கிழமை அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். 1990-ல் பேப்பே மொரேனோ முழுக்கக் கணினியிலேயே உருவாக்கிய 'டிஜிட்டல் ஜஸ்டிஸ்' இதற்குச் சரியான உதாரணம். அதில் பேட்மேனின் பழைய எதிரி ஜோக்கர் கணினி வைரஸாக வருகிறார். அந்தக் காலத்துக்குத் துணிச்சலான முயற்சி. ஆனால் வைரஸானாலும் ஜோக்கர் ஜோக்கர்தானே. தாத்தா காலத்துச் சண்டை கம்பிக்குள் இடம் மாறியது, அவ்வளவுதான்.

அப்படியானால் கோதமில் சைபர்பங்க் ஜெயித்ததே இல்லையா? ஜெயித்திருக்கிறது. ஜெயித்த இடங்களைப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

1999-ல் தொடங்கிய 'பேட்மேன் பியாண்ட்' தொடரில் ப்ரூஸ் வேய்ன் கிழவர், தனிமையில் இருக்கிறார். அதைவிட முக்கியமான செய்தி, நிறுவனம் அவர் கையை விட்டுப் போய்விட்டது. பெயர் வேய்ன்-பவர்ஸ், அதிகாரம் டெரெக் பவர்ஸிடம். புதிய பேட்மேனாகப்போகும் டெர்ரி மெக்கினிஸின் அப்பா அதே நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். நிறுவனம் ரகசியமாகத் தயாரிக்கும் நச்சு வாயுவைப் பற்றித் தெரிந்துகொண்டதால் கொல்லப்படுகிறார். மகன் ப்ரூஸின் பேட்மேன் கவசத்தைத் திருடிப் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறான். வில்லன்களும் மாறிவிட்டார்கள். இங்க் என்பவள் கூலிக்கு நாசவேலை செய்பவள். ஷ்ரீக், பவர்ஸிடம் பணம் வாங்கும் ஒலிப் பொறியாளர். பவர்ஸே கதிர்வீச்சில் உடல் மாறிப்போன பின்பும் செயற்கைத் தோலை ஒட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து கூட்டம் நடத்துகிறார். எனக்கு அந்தத் தொடரிலேயே மிகவும் பயமூட்டிய காட்சி அதுதான். உடம்பே எரிந்தாலும் அன்றைய கூட்டத்தைத் தள்ளிப்போட முடியாது!

அப்புறம் 2021-ன் 'ஃபியூச்சர் ஸ்டேட்'. கோதமை மேஜிஸ்ட்ரேட் என்ற தனியார் பாதுகாப்புப் படை ஆள்கிறது, முகமூடி போடுவது குற்றம். அதற்கு முந்தைய ஆண்டு கதையில்தான் ஜோக்கர் வேய்ன் குடும்பத்துச் சொத்தைப் பிடுங்கியிருந்தார். ப்ரூஸ் செத்துப்போனதாக ஊர் நம்புகிறது. அவர் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒளிந்து வாழ்கிறார். வாடகை! அந்த நிமிடத்தில்தான் கோதம் சைபர்பங்க் நகரமானது. ஆக, கோதம் பொருந்த வேண்டுமானால் முதலில் ப்ரூஸிடமிருந்து சாவியை வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இந்தப் பூர்வாங்க வேலை செய்யாமல் பொருந்தாத நகரத்தை ஏன் முதல் தேர்வாக வைத்திருக்கிறீர்கள் என்பதே என் கேள்வி.

கோதமில் நீங்கள் வீணாக்கும் ஒரு புதையலையும் சொல்லிவிடுகிறேன். பேட்கேர்லாக இருந்த பார்பரா கோர்டன். 1988-ல் சுடப்பட்டு நடக்க முடியாமல் போனவர், 1989-ல் ஜான் ஆஸ்ட்ரண்டர், கிம் யேல் இருவரின் கையில் ஆரக்கிள் என்ற பெயரில் வந்தார். சக்கர நாற்காலி, திரைகள், ஊர் முழுக்கப் பரவிய தகவல் வலை. காமிக்ஸில் நல்ல ஹேக்கர்கள் அரிதாக இருந்த காலத்தில் வந்த ஹேக்கர் அவர். கோதமில் சைபர்பங்க் எழுதியே தீருவோம் என்பவர்கள் அவர் நாற்காலியிலிருந்து தொடங்குங்கள், வேய்ன் மாளிகையிலிருந்து வேண்டாம்.

சூப்பர்மேனின் ஊரான மெட்ரோபோலிஸ் விஷயத்தில் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வெயில், கண்ணாடி, நம்பிக்கை நிறைந்த அந்த ஊர் எங்கே, சைபர்பங்க் எங்கே என்பார்கள். ஊரின் அடித்தளத்தை மட்டும் பார்த்தால் கோதமைவிட மெட்ரோபோலிஸ்தான் தயாராக இருக்கிறது. 1986-ல் ஜான் பைர்ன் சூப்பர்மேன் கதையைப் புதிதாகத் தொடங்கியபோது, அவருடைய எதிரி லெக்ஸ் லூதர் பைத்தியக்கார விஞ்ஞானி வேடத்தைக் கழற்றிவிட்டுத் தொழிலதிபராக வந்தார். 2000-ல் அமெரிக்க அதிபராகவே ஆனார். அதே ஆண்டு பிரெயினியாக் 13 என்ற வில்லன் மெட்ரோபோலிஸை ஒரே இரவில் எதிர்கால நகரமாக மாற்றிவிட்டுப் போன கதையும் வந்தது. தெரு, கட்டடம், ரயில் எல்லாம் அன்னியத் தொழில்நுட்பம். இதற்கு மேல் என்ன வேண்டும்? சூசைட் ஸ்லம் என்று பெயர் வைத்த ஒரு சேரிப் பகுதிகூட உண்டு.

ஆனாலும் பொருந்தவில்லை. காரணம் வெளிச்சமே இல்லை, மேலே பறக்கும் ஒருவர். சூப்பர்மேன் யாரிடமும் காசு வாங்குவதில்லை. பாலம் இடிந்தால் வருகிறார், பூனை மரத்தில் மாட்டினாலும் வருகிறார். கட்டணமில்லாத பொதுச் சேவை ஒன்று தடையில்லாமல் நடக்கும் ஊரில், எல்லாவற்றையும் விலைக்கு விற்கும் நிறுவனத்தின் பிடி இறுகவே முடியாது. லூதரின் எரிச்சலும் அதுதான் என்று நினைக்கிறேன். அவரால் போட்டி போட முடியாத விலை, பூஜ்யம்.

இருந்தாலும் மெட்ரோபோலிஸில் எழுதப்படாத ஒரு கேள்வி கிடக்கிறது. ஊரில் யார் எங்கே முணுமுணுத்தாலும் கேட்கும் காதுகள் ஒருவருக்கு இருக்கின்றன. அவர் நல்லவர். சரி. அந்த நல்ல காதுகளுக்குக் கீழே வாழ்ந்து பழகிய தலைமுறைக்கு, அவர் போன பிறகு லூதரின் நிறுவனமான லெக்ஸ்கார்ப் கொண்டுவரும் ஒட்டுக்கேட்புக் கருவி புதிதாகத் தெரியுமா? எங்களைக் காக்கத்தானே கேட்கிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவார்களே! சூப்பர்மேன் இல்லாமல்போன மெட்ரோபோலிஸை இந்தக் கோணத்தில் யாராவது எழுதினால் நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயார்.

மார்வெலுக்கு வருகிறேன். உங்கள் நியூயார்க்கில் நெரிசல் அதிகம். ஒரு தெருவில் ஃபென்டாஸ்டிக் ஃபோர், இன்னொரு தெருவில் மந்திரவாதி, மேலே அவெஞ்சர்ஸ். இத்தனை காவலர்கள் இருக்கும் ஊரில் சாதாரண ஆள் அனாதை என்று எப்படி நம்புவது? 1992-ல் வந்த, 2099-ஆம் ஆண்டில் நடக்கும் '2099' வரிசை இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது. நாயகர்களின் காலம் முடிந்துபோயிற்று. தோர் திரும்பி வருவார் என்று கும்பிடும் கூட்டம்கூட இருக்கிறது, தோர்தான் இல்லை. பீட்டர் டேவிட், ரிக் லியனார்டி உருவாக்கிய மிகெல் ஓஹாரா, ஆல்கமேக்ஸ் நிறுவனத்தில் மரபணு விஞ்ஞானி. வேலையை விட்டுப் போகப் பார்த்ததும், மேலதிகாரி டைலர் ஸ்டோன் அவருக்குத் தெரியாமல் ராப்சர் என்ற போதைப்பொருளைக் கொடுத்துவிடுகிறார். அது மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும். சட்டப்படி அதை விற்கும் உரிமை ஆல்கமேக்ஸுக்கு மட்டும். ராஜினாமாக் கடிதத்துக்கு இப்படியும் ஒரு பதில்! அந்தப் பிடியிலிருந்து தப்ப அவர் செய்த சோதனைதான் அவரை ஸ்பைடர்மேன் ஆக்கியது. ஊரின் போலீஸும் தனியார் போலீஸ்தான், பெயர் பப்ளிக் ஐ. மேல்நகரம் ஒன்று, அதன் அடியில் வெயில் படாத கீழ்நகரம் ஒன்று. முப்பது ஆண்டு கழித்தும் சூப்பர்ஹீரோ சைபர்பங்குக்கு இதைவிட நல்ல தொடக்கத்தை நான் படித்ததில்லை. 2023-ல் வந்த அனிமேஷன் படத்தில் 2099-ன் நியூயார்க்கான அதே நியூவா யார்க் பட்டப்பகலில் பளிச்சென்று தெரிந்தது, அச்சம் ஒன்றும் குறையவில்லை.

மாட்ரிபூரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1985-ல் அறிமுகமான, தென்கிழக்கு ஆசியாவில் இருப்பதாகச் சொல்லப்படும் தீவு. மேலே ஹைடவுன், கீழே லோடவுன். வெளிநாட்டில் தப்பு செய்துவிட்டு வந்தவர்களைப் பிடித்துக் கொடுக்காத ஊர். வுல்வரின் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பேட்ச் என்ற பெயரில் உலாவும் மதுக்கடையும் அங்கேதான். பத்திரக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட முழு மதிப்பெண். ஒரே ஒரு குறை, அது உங்கள் குறை. அந்த ஊரில் பிறந்தவர்கள் எங்கே? கதையில் வருபவர்களில் பெரும்பாலோர் வந்துபோகிறவர்கள். ஊர்க்காரர்கள் விளம்பரப் பலகைக்குப் பின்னால் நகரும் நிழல்கள். ஆசியத் தெருவின் எழுத்தும் விளக்கும் வேண்டும், ஆசிய மனிதர்கள் வேண்டாம் என்பது சைபர்பங்கின் பழைய நோய். 2021-ல் வந்த 'ஃபால்கன் அண்ட் த வின்டர் சோல்ஜர்' தொடரிலும் மாட்ரிபூர் ஒரு இரவுச் சுற்றுலாவாகவே முடிந்தது. லோடவுனில் வளர்ந்து, கைகால் பழுதுபார்த்துப் பிழைக்கும் ஒரு பெண்ணை நாயகியாக வையுங்கள். வுல்வரின் வரவே வேண்டாம்.

சில நகரங்களைச் சுருக்கமாகவே கடந்துவிடலாம். ஸ்டார்மேனின் ஓப்பல் சிட்டி எனக்கு மிகவும் பிடித்த ஊர், ஆனால் அதன் நாயகன் ஜாக் நைட் பழம்பொருள் வியாபாரி. ஊரே நேற்றைக் காதலிக்கிறது. அதை எதிர்காலத்துக்கு இழுத்தால் உயிர் போய்விடும். டாக்டர் டூம் ஆளும் லாட்வீரியாவில் தொழில்நுட்பம் உண்டு, கொடுமையும் உண்டு, ஆனால் எல்லாம் டூமின் ஒரே கையில். பிளாக் பேந்தரின் நாடான வகாண்டாவை நியோனில் நனைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள், தயவுசெய்து வேண்டாம். அங்கே வைப்ரேனியம் என்ற அரிய உலோகம் நாட்டின் சொத்து, அறிவு வெளியார் கைக்குப் போகவில்லை. வேறொரு கனவுக்காகக் கட்டிய நாடு அது, அதன் போக்கில் விடுங்கள். 1988-ன் ஜெனோஷா மட்டும் யோசிக்க வைக்கிறது. பிறவியிலேயே சக்தி கொண்ட மியூட்டன்ட்களின் பெயரைப் பிடுங்கி எண் கொடுத்து, உடலை மாற்றி, வேலைக்கு விட்டுச் செல்வம் சேர்த்த நாடு. இந்த வேலையைச் செய்ய நிறுவனம்தான் வேண்டும் என்றில்லை, அரசும் கச்சிதமாகச் செய்யும் என்று காட்டிய கதை.

டிசியின் வரைபடத்தில் தூசி படிந்து கிடக்கும் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று பச்சை மோதிரம் அணியும் கிரீன் லான்டர்னின் ஊரான கோஸ்ட் சிட்டி. 1993-ல் எழுபது லட்சம் பேரோடு அழிக்கப்பட்டது. அழித்ததில் பங்கு சைபோர்க் சூப்பர்மேன் என்ற வில்லனுக்கு. பிறகு ஊரைத் திரும்பக் கட்டினார்கள், மக்கள் வரத் தயங்கினார்கள் என்பதுவரை கதைகள் தொட்டிருக்கின்றன. எனக்கு அதற்கு அடுத்த கேள்விகள் வேண்டும். எழுபது லட்சம் பேரும் இல்லாத நிலத்தின் பட்டா யார் பெயருக்குப் போனது? காப்பீட்டுப் பணம் யாருக்கு? கட்டிக் கொடுத்தவர் யார், குழாயில் வரும் தண்ணீருக்கு மீட்டர் வைத்தவர் யார்? பச்சை மோதிரம் எதை வேண்டுமானாலும் உருவாக்கும், ஒரு பட்டாவை உருவாக்கி அது செல்லும் என்று நிரூபிக்க முடியாது. இன்னொன்று ப்ளூட்ஹேவன். கோதமுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய திமிங்கல வேட்டைத் துறைமுகம், 1996-லிருந்து பேட்மேனின் முன்னாள் கூட்டாளி நைட்விங்கின் ஊர். போலீஸிலேயே ஊழல், கையில் காசில்லை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய நகரம் தன் கழிவைக் கொட்ட ஒரு இடம் வேண்டுமல்லவா, அந்த இடம்.

கடைசியாக டகோட்டா. 1993-ல் ட்வெய்ன் மெக்டஃபி, டெனிஸ் கோவன் முதலானோர் தொடங்கிய மைல்ஸ்டோன் நிறுவனம், டிசி வழியாக வெளியிட்ட கதைகளின் கற்பனை ஊர். அந்த ஊரின் நாயகன் ஸ்டாட்டிக்கின் பெயர் பலருக்குத் தெரியும். 'ஹார்டுவேர்' கதையைத்தான் நீங்கள் எல்லோரும் மறுபடி படிக்க வேண்டும்.

கர்ட் மெட்காஃப் மேதை. சிறுவயதில் அவரைக் கண்டெடுத்துப் படிக்க வைத்தவர் தொழிலதிபர் எட்வின் ஆல்வா. கர்ட்டின் கண்டுபிடிப்புகளால் ஆல்வா கோடிகோடியாகச் சம்பாதிக்கிறார். கர்ட் அதில் ஒரு பங்கு கேட்கிறார். தன்னை மகன் போல நடத்தியதாக நம்பியவரிடம் கேட்கிறார். நீ என் குடும்பம் இல்லை, என் ஊழியன் என்பதுதான் கிடைத்த பதிலின் சாரம். வேலையை விடலாமா என்று பார்த்தால் ஒப்பந்தம் வேறெங்கும் போக விடாது. ஆல்வாவின் குற்றங்களைத் தோண்டி எடுத்து அதிகாரிகளிடம் கொண்டுபோனால் யாருக்கும் அக்கறை இல்லை. அப்போதுதான் அவர் ஆல்வாவின் ஆய்வகத்திலேயே, ஆல்வாவின் பணத்திலேயே, ஆல்வாவுக்குத் தெரியாமல் ஒரு கவசம் செய்துகொள்கிறார்.

இதில் மழை எங்கே, நியோன் எங்கே? ஒன்றும் இல்லை. மூளைக்குள் சிப்பும் இல்லை. ஆனால் காப்புரிமைதான் சங்கிலி, ஒப்பந்தம்தான் சிறை. கறுப்பினப் பொறியாளர் ஒருவர் இந்தக் கதையின் நடுவில் நிற்பதும் தற்செயலானது இல்லை. அறிவு யாருடையது, லாபம் யாருடையது என்று கேட்கும்போது நிறமும் சேர்ந்துதான் பேசும். அதே ஊரில் பிக் பேங் என்ற சம்பவமும் நடக்கிறது. இளைஞர் கும்பல்களின் மோதலில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசுகிறது. ஓடினாலும் பிறகு அடையாளம் கண்டுபிடிக்க அதில் ஒரு குறிப்பான் கலந்திருக்கிறது. அதோடு கலந்திருந்த இன்னொரு சரக்கு பலரைக் கொல்கிறது, பிழைத்தவர்களின் உடலை மாற்றுகிறது. அடையாளம் வைப்பதற்காக அடித்த புகையிலிருந்து சூப்பர்ஹீரோக்கள் பிறந்த ஊர், டகோட்டா. அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கின் கவசத்தையும் கர்ட்டின் கவசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று முதலாளியின் பொம்மை, மற்றது தொழிலாளி கையாடிய கருவி. எந்தக் கவசம் சைபர்பங்க் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மைல்ஸ்டோன்காரர்கள் தங்கள் பாத்திரங்களின் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, டிசியை வெளியீட்டுக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டார்கள். கர்ட்டுக்குக் கிடைக்காத ஒப்பந்தத்தை அவர்கள் வாங்கினார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். 2021-ல் அந்த வரிசை மீண்டும் தொடங்கியதும் தெரியும். ஆகவே கதவு பூட்டப்படவில்லை.

நான் கேட்பது இதுதான். அடுத்த முறை எதிர்காலத்துக்கு ஒரு நகரத்தை அனுப்பும் கூட்டத்தில் கோதமின் பெயரை யாராவது எடுத்தால், ப்ரூஸ் வாடகை கட்டுகிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் டகோட்டாவை அறுபது ஆண்டு முன்னே தள்ளுங்கள். ஆல்வா போய்ச் சேர்ந்திருப்பார், நிறுவனம் இருக்கும். ஊரில் பாதிப்பேர் உடம்பில் கர்ட் என்றோ வடிவமைத்த ஏதோ ஒரு கருவி ஓடிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் மாதக் கட்டணம் ஆல்வாவின் வாரிசுகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். பிக் பேங்கில் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் ரத்தத்தில் அந்தக் குறிப்பான் இன்னும் இருக்குமா, அதைப் படிக்கும் கருவி யாரிடம் இருக்கும், கர்ட்டின் மகளோ பேத்தியோ அப்பாவின் கண்டுபிடிப்பைப் பழுதுபார்த்தாலே திருட்டு வழக்குப் போடுவார்களா? இதை எழுதத் தெரிந்தவர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். முதல் இதழுக்கு ஒரு வாசகர் இப்போதே தயார்.

அன்புடன்,
பல ஆண்டுகளாக உங்கள் ஊர்களில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு வாசகர்